திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆசிரியர்

உருகுவே தென்னமெரிக்காவில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையில் இருக்கும் சின்ன நாடு. மொத்த மக்கள்தொகை சுமார் 35 லட்சம். அந்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது, அதற்குத் தேவையான ஆங்கில ஆசிரியர்கள் நாட்டில் இல்லை. இருந்த சிலரும் தலைநகர் மான்டேவிடேயோவையும் பெரிய ஊர்களையும் விட்டு நகர்வதாக இல்லை. பயிற்சிக் கல்லூரிகளைத் திறந்து ஆசிரியர்களை உருவாக்கி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை பள்ளியை முடித்து வெளியே போயிருக்கும். 2012-இல் அந்த நாடு வேறு வழி கண்டது. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரைக் காணொளி வழியாக வகுப்பறைக்குள் கொண்டுவருவது, அங்கே ஏற்கெனவே இருக்கும் வகுப்பாசிரியரோடு சேர்ந்து அவரைப் பாடம் நடத்தவைப்பது. ‘செய்பால் என் இங்கிலேஸ்’ என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷ் கவுன்சில் அதில் பங்காளியானது.

வகுப்பறையில் காணொளியைப் பயன்படுத்துவது பற்றி இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி கொரோனாக் கால அனுபவத்திலிருந்து வருகிறது. ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு கட்டம், அணைத்து வைத்த கேமராக்கள், எதிரே யாரும் இல்லாதது போல் பேசிக்கொண்டே போகும் ஆசிரியர். அந்த அனுபவத்தை அளவுகோலாக வைத்து இந்தத் தொழில்நுட்பத்தை எடைபோட்டால் முடிவு தவறாகத்தான் வரும். 2020 மார்ச்சிலேயே அமெரிக்கக் கல்வியாளர்கள் சிலர் அதற்கு ‘அவசரகாலத் தொலைக் கற்பித்தல்’ என்று தனிப்பெயர் கொடுத்து, திட்டமிட்ட இணையவழிக் கற்பித்தலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எழுதினார்கள். நான் இங்கே பேசுவது வேறொரு ஏற்பாட்டைப் பற்றி. குழந்தைகள் ஒன்றாக, தங்கள் வகுப்பறையிலேயே, தங்கள் ஆசிரியரோடு இருக்கிறார்கள். தொலைவிலிருந்து இன்னொருவர் திரையில் வருகிறார். இந்த ஏற்பாடு எங்கெல்லாம் பலன் தந்தது, எங்கெல்லாம் தரவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பலனைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் திரையில் வருபவர் அல்லர். திரைக்கு இந்தப் பக்கம், குழந்தைகளின் நடுவே இருப்பவர்.

உருகுவேயில் இதற்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 2007-இல் தபாரே வாஸ்கஸ் குடியரசுத் தலைவராக இருந்தபோது ‘பிளான் செய்பால்’ தொடங்கியது. வில்லா கர்தால் என்ற சிற்றூர்ப் பள்ளியில் ஆரம்பித்து, இரண்டே ஆண்டுகளில் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் எல்லோர் கையிலும் ஒரு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. மடிக்கணினி கொடுத்துவிட்டால் கற்றல் தானே நடந்துவிடும் என்ற நம்பிக்கை உலகின் பல இடங்களில் பொய்த்துப்போனது. உருகுவேயில் அந்தக் கணினிகளைவிடவும் அவற்றுக்காகப் பள்ளிதோறும் போடப்பட்ட இணைப்புதான் பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது. அரசுத் தொலைபேசி நிறுவனமான ஆன்டெல் கண்ணாடியிழைக் கம்பியைப் பள்ளிகளுக்கு இழுத்துக் கொடுத்தது. அதன் முனையில் பெரிய திரையும், ஒலிவாங்கியும், தொலைவிலிருந்தே திருப்பவும் நெருக்கிப் பார்க்கவும் முடிகிற கேமராவும் பொருத்தப்பட்டன.

வாரத்தில் மூன்று ஆங்கில வகுப்புகள், நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை. முதல் வகுப்பில் மட்டும்தான் திரை ஆசிரியர் வருவார், 45 நிமிடம். மற்ற இரண்டையும் வகுப்பாசிரியரே நடத்த வேண்டும். இந்த வகுப்பாசிரியருக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாது, அல்லது குழந்தைகளைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும். இரண்டு ஆசிரியர்களும் வாரந்தோறும் சுமார் அரைமணி நேரம் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. போன வாரம் எது புரியவில்லை, எந்தக் குழந்தை பேசத் தயங்குகிறது, அடுத்த வாரத்துக்கு எந்தப் படங்களைத் தயாராக வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். திரை ஆசிரியர்கள் உருகுவேயிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வந்தார்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும்கூட வந்தார்கள். பிலிப்பைன்ஸுக்கும் உருகுவேக்கும் 11 மணி நேர வித்தியாசம். குழந்தைகளுக்குக் காலை பத்து மணியானால் திரையில் வாழ்த்துச் சொல்பவருக்கு இரவு ஒன்பது.

அந்த 45 நிமிடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். திரை ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார். வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்கிறது. முப்பது குரல்கள் ஒரே ஒலிவாங்கிக்குள் போய் மறுமுனையில் ஒரே இரைச்சலாக விழுகின்றன; யார் சரியாகச் சொன்னார், யார் வாயை மட்டும் அசைத்தார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கிறார். குழந்தை எழுந்து கேமராவுக்கு முன்னால் வர வேண்டும். வரத் தயங்கினால் வகுப்பாசிரியர் தோளில் கைவைத்துக் கூட்டிவருகிறார். அடுத்து இரண்டிரண்டு பேராகப் பேசிப் பார்க்கும் பயிற்சி. இந்த நேரத்தில் திரை ஆசிரியரால் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரிசைகளுக்கு இடையே நடந்து, காது கொடுத்து, வம்பளக்கும் ஜோடியைத் திருப்பி, சிக்கிக்கொண்ட ஜோடிக்கு ஒரு சொல் எடுத்துக்கொடுப்பது வகுப்பாசிரியர். கடைசியில் அவரும் குழந்தைகளோடு நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறார். தப்பாகவும் சொல்கிறார். தங்கள் டீச்சர் தெரியாத ஒன்றைக் கூச்சமில்லாமல் கற்றுக்கொள்வதைக் குழந்தைகள் பார்ப்பதே இந்தத் திட்டத்தில் ஒரு பாடம் என்று அதை வடிவமைத்தவர்கள் கருதினார்கள். அவர்கள் கருதியது சரி என்றே எனக்கும் படுகிறது.

ஆனால் இதை ஓர் ஆசிரியரிடம் கேட்பது சின்னக் காரியம் இல்லை. வகுப்பில் ஆசிரியரின் மரியாதை பெரும்பாலும் ‘இவருக்குத் தெரியும்’ என்பதன் மேல் நிற்கிறது. பாடம் தெரியாமல் வகுப்பின் முன் நில் என்று சொல்லும்போது, அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். உருகுவேயில் அதற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. ஸ்பானிய மொழி விளக்கத்தோடு ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம், வகுப்பாசிரியர்களே ஆங்கிலம் கற்க ஓர் இணையவழிப் படிப்பு, அந்த வாராந்தர அரைமணி நேரம். மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். தெரியாததை வகுப்புக்கு முன்பே கேட்டுக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் இருந்தார்.

பலன் என்ன? 2014 முதல் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஆண்டுதோறும் கணினிவழித் தேர்வால் அளந்து வந்தார்கள். நேரடியாக ஆங்கில ஆசிரியர் வந்து கற்பித்த பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, திரைவழி கற்றவர்கள் பெரிதாகப் பின்தங்கவில்லை. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. எந்தப் பள்ளி எந்த முறையில் சேரும் என்பது குலுக்கல் முறையில் முடிவானதில்லை. ஆரம்ப ஆண்டுகளில் விரும்பி முன்வந்த ஆசிரியர்களின் வகுப்புகளே சேர்ந்தன. ஆர்வமுள்ள ஆசிரியரின் வகுப்பு எந்த முறையிலும் கொஞ்சம் கூடுதலாகத் தேறும்.

அந்தக் குறையை ஓரளவு நிரப்பும் ஆய்வு ஆப்பிரிக்காவிலிருந்து கிடைக்கிறது. கானாவில் பிரிட்டன் அரசின் நிதியோடு, வார்க்கி அறக்கட்டளை நடத்திய ஒரு திட்டத்தில், தலைநகர் ஆக்ராவில் உள்ள ஒளிப்பதிவுக் கூடத்திலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் செயற்கைக்கோள் வழியாகக் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் நடத்தினார்கள். மின்சாரம் இல்லாத பள்ளிகளுக்காகச் சூரியத் தகடுகள். பேச்சு இருபுறமும் போகும். ஆக்ராவில் இருப்பவர் கேள்வி கேட்டால் கிராமத்துக் குழந்தை பதில் சொல்லலாம். ஜேமி ஜான்ஸ்டன், கிறிஸ்டோஃபர் க்ஸோல் என்ற இரு ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்த 70 பள்ளிகளில் இதை நடத்தி, திட்டத்தில் சேராத பள்ளிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். எண்ணறிவிலும் அடிப்படை எழுத்தறிவிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பள்ளிக்கு வரும் வழக்கத்தில் மட்டும் மாற்றமில்லை. இங்கும் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளூர் ஆசிரியர் கூடவே இருந்தார், அவருக்கும் தனிப் பயிற்சி தரப்பட்டிருந்தது.

‘பதில் சொல்லலாம்’ என்ற அந்த ஒரு வசதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் அழகாகக் காட்டுகின்றன. 2003-இல் அமெரிக்காவில் பெட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே உட்கார்ந்து விளையாடிக்கொண்டே ஒருவர் பேசியபோது, அம்மொழிக்கே உரிய ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, பதிவுசெய்த படமாக வந்தபோது எதுவும் ஏறவில்லை. அப்படியானால் திரை என்றாலே பயனற்றதா? 2014-இல் வெளியான ரோஸ்பெர்ரி, ஹெர்ஷ்-பாசெக், கோலின்காஃப் ஆய்வு இதற்கு விடை தந்தது. இரண்டு வயதுக் குழந்தைகள் ஸ்கைப் வழியாக நேரடியாகப் பேசியவரிடமிருந்து புதுச் சொற்களைக் கற்றன, ஏறக்குறைய நேரில் கற்பது போலவே. இன்னொரு குழந்தையோடு நடந்த பேச்சின் பதிவைப் போட்டுக் காட்டியபோது கற்கவில்லை. திரையில் தெரியும் முகம் தனக்குத்தான் பதில் சொல்கிறது என்று குழந்தை உணர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது; பத்து வயதுப் பிள்ளை பதிவு செய்த பாடத்திலும் கற்கும். ஆனாலும் முப்பது பேரில் தன்னை ஒருமுறைகூட யாரும் அழைக்காத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, நேரலை என்பதும் பதிவுதான்.

இங்கே தொழில்நுட்பத்தின் ஒரு நுணுக்கம் கல்வியோடு நேரடியாக மோதுகிறது. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்குவதற்கு இடையே விடும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளில் அளந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வு இது. காணொளியில் குரல் போய்ச் சேரும் தாமதம் இந்த இடைவெளியைவிட நீண்டுவிடுகிறது. பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டு வரும் குரலுக்கு ஒருவழிக்கே கால் வினாடி ஆகிறது. கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை வினாடி. கண்ணாடியிழையில் தாமதம் குறைவு, இருந்தாலும் இல்லாமல் போவதில்லை. 2014-இல் ஜெர்மனியில் ஷோனன்பெர்க் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் இதை வைத்து ஒரு விஷயத்தைக் கண்டறிந்தார்கள். இணைப்பில் தாமதம் இருக்கும்போது பேசுபவர்கள் இணைப்பைக் குறை சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் கவனமில்லாதவர், ஈடுபாடு இல்லாதவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வகுப்பறையில் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கம்பி எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ஒரு குழந்தை மந்தமான பிள்ளை என்ற பெயரை வாங்கிக்கொள்கிறது. கேள்வி கேட்டபின் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பிறகு அடுத்த ஆளிடம் போ என்று திரை ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பது எந்தச் சாதனம் வாங்குவதைவிடவும் மலிவு.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிகளுக்குக் காணொளிச் சாதனம் வாங்கும் இடங்களில் பேச்சு முழுக்கத் திரையின் அங்குலத்தைப் பற்றியே இருக்கும். வகுப்பை முடக்குவது பெரும்பாலும் ஒலி. சிமெண்டுத் தரை, வெற்றுச் சுவர், தகரக் கூரை, ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி எல்லாம் சேர்ந்த அறையில் பேசும் குரல் எதிரொலித்துக் குழம்புகிறது. படம் சில நொடி உறைந்து நின்றால் குழந்தைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் அறுபட்டால் பாடம் அறுபட்டுப்போகும்.

குழந்தையின் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்ற அறிவு புதியதும் அல்ல. ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் ‘வானொலிப் பள்ளி’ தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் மாட்டுப் பண்ணைகளின் குழந்தைகளுக்காக அடிலெய்ட் மீத்கி என்ற கல்வி அதிகாரியின் யோசனையில் பிறந்தது அது. ஆல்ஃபிரட் டிரேகர் முன்பே உருவாக்கியிருந்த, காலால் மிதித்து இயக்கும் வானொலிப் பெட்டிதான் கருவி. குழந்தை பேசலாம், ஆசிரியர் கேட்கலாம். பிற்பாடு அந்தப் பள்ளி செயற்கைக்கோளுக்கும் காணொளிக்கும் மாறியது. அன்றும் இன்றும் மாறாதது ஒன்று: ஒவ்வொரு பண்ணையிலும் குழந்தையோடு உட்காரும் வீட்டு ஆசான், பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் சம்பளத்துக்கு அமர்த்திய ஓர் இளம்பெண். வானொலியில் வரும் நேரம் நாளின் சிறு பகுதிதான். மீதி நேரத்துப் பாடமெல்லாம் அவர் கையில்.

எதிர்ப்பக்கத்துக்குச் சீனாவில் ஓர் உதாரணம் உண்டு. செங்டு நகரின் ஏழாம் எண் மேல்நிலைப் பள்ளி நாட்டின் சிறந்த பள்ளிகளில் ஒன்று. அதன் வகுப்புகளை ஒரு நிறுவனம் 2002 முதல் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்கு நேரலையாக அனுப்பி வந்தது. 2018-இல் ஒரு சீன நாளிதழ் இதைப் பற்றி எழுதியபோது 248 பள்ளிகள் அந்த நேரலையில் இருந்தன. அந்தக் கட்டுரை நாடெங்கும் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நேரலை பெற்ற பள்ளிகளிலிருந்து சில பிள்ளைகள் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுக்குப் போனது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் செங்டு ஆசிரியர் எதிரே இருக்கும் நகரத்துப் பிள்ளைகளின் வேகத்துக்கே நடத்துகிறார். மலைப்பகுதிப் பிள்ளைக்கு அவரை நிறுத்திச் சந்தேகம் கேட்க வழியில்லை. அங்கே பாடம் எட்டாத பிள்ளைகளுக்கு அதை இறக்கிக் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் உள்ளூர் ஆசிரியர் தலையில் விழுகிறது. ‘ஒரு நல்லாசிரியர் போதும், ஆயிரம் பள்ளிக்கு அனுப்பிவிடலாம்’ என்ற ஆசை நிர்வாகிகளுக்கு எப்போதும் உண்டு. அந்த ஆசை ஈடேற வேண்டுமென்றாலும் ஆயிரம் பள்ளியிலும் ஆயிரம் பேர் வேண்டியிருக்கிறார்கள்.

காணொளியோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொன்று, மாணவர்கள் இணையத்தில் சேர்ந்து வேலை செய்வது. இதில் நான் மிகவும் மதிப்பது காணொளியே இல்லாமல் தொடங்கிய ஒரு திட்டம். 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரெஞ்சு கற்பித்த ஜில்பெர்ட் ஃபர்ஸ்டென்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் ‘குல்தூரா’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பிரெஞ்சு படிக்கும் அமெரிக்க மாணவர்களும் ஆங்கிலம் படிக்கும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே கேள்வித்தாளுக்கு விடை எழுதுவார்கள். நல்ல அண்டை வீட்டுக்காரர் யார், வரிசையில் ஒருவர் நடுவே நுழைந்தால் என்ன செய்வாய் என்பது போன்ற கேள்விகள். இரு பக்க விடைகளும் இணையத்தில் அருகருகே வைக்கப்படும். பிறகு விவாதம். எல்லோரும் அவரவர் தாய்மொழியிலேயே எழுத வேண்டும் என்பது விதி. மொழிப் பாடத்துக்கு இது தலைகீழ் போலத் தோன்றும். யோசித்தால் காரணம் விளங்கும். பாதி தெரிந்த மொழியில் எழுதினால் சொல்ல வந்தது சுருங்கிவிடும். தாய்மொழியில் எழுதினால் எதிர்ப்பக்கத்தவருக்கு முழுமையான, உயிருள்ள பாடநூல் கிடைக்கிறது. பேசிப் பழகுவதற்கு அவரவர் வகுப்பறை இருக்கிறது. அங்கே ஆசிரியரோடு உட்கார்ந்து, ‘ஏன் அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று ஆராய்வார்கள்.

எல்லாக் கூட்டுமுயற்சியும் இப்படிக் கனிவதில்லை. ஜெர்மன், அமெரிக்க மாணவர்களிடையே நடந்த ஒரு பரிமாற்றத்தை ஆராய்ந்த பெய்ஜ் வேர், 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், உரையாடல் நடுவிலேயே வற்றிப்போனதற்கான காரணங்களை அலசினார். ஒரு பக்கத்துக்கு மதிப்பெண் உண்டு, மறுபக்கத்துக்கு இல்லை. எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்பதில் எதிர்பார்ப்பு வேறு. பதில் வராத மாணவர், ‘அந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான்’ என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் இருக்கிறது. கால அட்டவணையின் தவறை எதிர்ப்பக்க மனிதரின் குணமாகப் படிப்பதும், இணைப்பின் தாமதத்தைக் குழந்தையின் மந்தமாகப் படிப்பதும் ஒரே வகைப் பிழை. இரண்டையும் திருத்த வேண்டியவர்களும் ஒரே தரப்பினர்தான்: இரு முனைகளிலும் உள்ள ஆசிரியர்கள், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதன் மூலம்.

தமிழ்க் குழந்தைகளும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள். சுவரில் பதித்த கணினி மூலம் குழந்தைகள் தாமே கற்பார்கள் என்று 1999-இல் தில்லியில் சோதித்துக் காட்டிய சுகதா மித்ரா, பின்னர் சுனாமியால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில் இன்னும் கடினமான ஒன்றைச் சோதித்தார். தமிழ் பேசும், 10 முதல் 14 வயதுக் குழந்தைகளால், ஆசிரியர் யாரும் இல்லாமல், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடங்களைக் கணினியில் தாமே கற்றுக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி. இரண்டரை மாதத்தில் தேர்வில் சுமார் 30 சதவீதம் வரை வந்தார்கள். அதற்குமேல் நகர, அப்பாடம் எதுவும் தெரியாத, ஆனால் குழந்தைகளோடு நட்பாக இருந்த ஒருவர் தேவைப்பட்டார். அவர் பக்கத்தில் நின்று ‘அட, இது எப்படிச் செய்தாய், எனக்கும் காட்டு’ என்ற ரீதியில் ஊக்கப்படுத்தியதும் மதிப்பெண் 50 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. 2010-இல் ரிது டங்வாலோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. இந்தச் சோதனையை ஒட்டித்தான் பிரிட்டனில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் ஸ்கைப் வழியாக இந்தியக் குழந்தைகளோடு பேசும் ‘பாட்டிகள்’ திட்டம் பிறந்தது.

மித்ராவின் பெயரோடு ‘ஆசிரியர் இல்லாத கற்றல்’ என்பது ஒட்டிக்கொண்டுவிட்டது. காளிக்குப்பத்தின் எண்களை நான் படிக்கும்போது எனக்குத் தெரிவது அதற்கு மாறானது. அந்தக் குழந்தைகள் தேங்கி நின்ற இடத்திலிருந்து அவர்களை நகர்த்தியது பக்கத்தில் நின்ற ஒரு மனிதரின் அக்கறை. ஆள் இல்லாமல் கருவியை மட்டும் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை பாயல் அரோரா 2010-இல் எழுதினார். உத்தராகண்டில் அல்மோராவிலும் ஹவால்பாகிலும் வைக்கப்பட்ட சுவர்க் கணினிகள் அவர் பார்க்கும்போது கைவிடப்பட்டுக் கிடந்தன. உள்ளூர்ப் பள்ளியோ ஊர்க்காரர்களோ அவற்றைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

வகுப்பு உயர உயர, திரை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் சேர்ந்த கூட்டணியின் கணக்கும் மாறுகிறது. பாடம் தெரியாத வகுப்பாசிரியர் பத்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் அது செல்லாது. உருகுவே இதை உணர்ந்து, இடைநிலைப் பள்ளிகளில் வேலையைத் திருப்பிப் பிரித்தது. அங்கே வகுப்பறையில் இருப்பவரே ஆங்கில ஆசிரியர். பாடமும் இலக்கணமும் அவர் பொறுப்பு. திரையில் வருபவர் பேச்சுப் பழக்கத்துக்கு மட்டும், வாரம் ஒருமுறை. 2017 முதல் கணினிச் சிந்தனை என்ற பாடத்தைத் தொடக்கப் பள்ளிகளில் பழைய முறையிலேயே திரை ஆசிரியரையும் வகுப்பாசிரியரையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள். கருவி ஒன்றுதான். யார் எதை அறிந்தவர், எந்தப் பொறுப்பு யாருடையது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்தார்கள்.

ஆகவே ஒரு பள்ளிக்கோ மாவட்டத்துக்கோ காணொளி வகுப்புத் திட்டம் கொண்டுவரும்போது, ஒப்பந்தப்புள்ளியில் திரை எத்தனை அங்குலம், இணைப்பு எத்தனை வேகம் என்பதற்கு அடுத்த வரியிலேயே நான் தேடுவது வேறு இரண்டு விவரங்கள். வகுப்பாசிரியரும் திரை ஆசிரியரும் பேசிக்கொள்ளும் அந்த அரைமணி நேரம் கால அட்டவணையில் எந்தப் பீரியடில் இருக்கிறது? அதற்காக வகுப்பாசிரியரின் வேறு எந்த வேலை குறைக்கப்பட்டிருக்கிறது? மலையூர்களிலும் தோட்டப் பகுதிகளிலும் ஓரிரு ஆசிரியர்களே எல்லா வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிகளில், சத்துணவுக் கணக்கும் வருகைப் பதிவேடும் செயலியில் புள்ளிவிவரம் ஏற்றுவதும் ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் கடைசியில் ‘காணொளி வகுப்பை ஏற்பாடு செய்க’ என்று இன்னொரு வரியைச் சேர்த்தால், பெட்டி சில மாதங்களுக்கு ஓடும், பிறகு பூட்டி வைக்கப்படும். வேலையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த அரைமணி நேரத்தை அவருக்குக் கொடுத்தால், அதே ஆசிரியரைக் கொண்டு அதே பள்ளியில் வாரத்துக்கு மூன்று நல்ல வகுப்புகள் நடத்த முடியும்.